பழைய டிவியை ஓட வைக்க ஆசையா? முதலில் பிளக்கைச் சொருகாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "ஆச்சி வீட்டுப் பரணில் இரண்டு டிவி கிடக்கின்றன. ஒன்று ஷட்டர் வைத்த மரப்பெட்டிக் கறுப்பு வெள்ளை, இன்னொன்று 21 அங்குலக் கலர். பத்துப் பன்னிரண்டு வருடமாக யாரும் தொடவில்லை. மெக்கானிக் 'எடைக்குப் போடுங்க' என்கிறார். நானே கற்றுக்கொண்டு சரிசெய்ய முடியுமா? ஆபத்தா? எவ்வளவு செலவாகும்? ஓடினாலும் அதில் எதைப் பார்ப்பது?"

முடியும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. தூத்துக்குடியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். பதினாலு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வேலை பார்க்கிறேன். இதுவரை இருபத்தாறு செட் ஓடியிருக்கின்றன, ஐந்தைக் கொன்றிருக்கிறேன். அந்த ஐந்தில் நான்கு என் அவசரத்தால் போனவை.

பரணிலிருந்து இறக்கியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவது. நானும் அதைத்தான் செய்தேன். பெரியம்மா வீட்டுக் கலர் செட் அது. சுவிட்சைப் போட்டதும் உம்மென்று ஒரு முனகல், அப்புறம் டப். முடி கருகிய வாடை வீடு முழுக்க. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால், கரண்ட் உள்ளே வரும் இடத்தில் போர்டுக்குக் குறுக்கே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது. முதலிலேயே திறந்திருந்தால் ஒரு பெயின்ட் பிரஷ் போதும், தட்டிவிட்டிருப்பேன். பிளக்கைச் சொருகியதால் ஃபியூஸ், பவர் டிரான்சிஸ்டர், அதை ஓட்டும் ஐசி, கூடவே இரண்டு அங்குல நீளத்துக்குப் போர்டிலிருந்த செம்புத் தடம் எல்லாம் போயின. எலி கடித்த ஒயர், கரப்பான் முட்டை, குளவிக் கூடு, கரையான் மண் என்று நம் ஊர்ப் பரண் டிவிக்குள் எதுவும் இருக்கலாம். அதோடு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காமல் கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனப்பட்டிருக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் சில தாங்கும், சில வெடிக்கும்.

ஆகவே பின்மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, அரை மணி நேரம் சும்மா பாருங்கள். பார்க்க மட்டும்தான், கை வைக்க இல்லை. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கணக்கு இருக்கிறது. டிவிக்குள் இருக்கும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை சுற்றினால் டிரான்சிஸ்டர், ஐசி, கண்டென்சர், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ஈஹெச்டி கூட வாங்கிவிடலாம். (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் நம் மெக்கானிக்குகள் ஈஹெச்டி என்பார்கள். டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தருவது. கறுப்பாக, தடித்த சிவப்பு ஒயரோடு இருக்குமே, அது.) ஆனால் பிக்சர் டியூபுக்கு மாற்று இல்லை. இந்தியாவில் சாம்டெல், வீடியோகான் போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கில் டியூப் செய்த காலம் முடிந்துவிட்டது. உங்கள் டிவியில் இருக்கும் டியூப்தான் அந்த டிவி. எந்த முடிவு எடுத்தாலும் அந்தக் கண்ணாடிக்கு என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள்.

அதன் கழுத்துதான் மிக மெலிந்த இடம். முன்புறக் கண்ணாடி தடிமன், அதைச் சுற்றி இரும்புப் பட்டையும் உண்டு. பின்னால் யோக்குக்கு (கதிரைத் திருப்பும் செம்புச் சுருள்) அப்பால் நீளும் கழுத்தோ ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். அதன் முனையில் ஒரு சின்ன போர்டு சொருகியிருக்கும், டியூப் பேஸ் என்பார்கள். ஒருமுறை அது இறுகிப்போய் வராததால் பக்கவாட்டில் ஆட்டி இழுத்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூபில் முள் குத்தியதுபோல. வெடிக்கவெல்லாம் இல்லை. உள்ளே காற்று போயிற்று, டியூப் செத்தது. 1990-களின் நல்ல ஜப்பான் டியூப் அது. அந்தப் பேஸை எப்போதும் நேர் பின்னாகத்தான் இழுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். செத்துப்போகும் அளவுக்கு ஆபத்து இதில் உண்டு, மழுப்ப விரும்பவில்லை.

முதலாவது, நீங்கள் நினைக்கிற உயர் மின்னழுத்தம் இல்லை. பவர் சப்ளைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பருத்த கண்டென்சர், 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் ஏறக்குறைய 325 வோல்ட், அது இதற்குள் தேங்கும். நல்ல செட்டில் சுவிட்சை அணைத்த கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். பவர் சப்ளை பழுதான செட்டிலோ பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகுநேரம் அப்படியே நிற்கும். பழுதான செட்டைத்தானே நாம் திறக்கிறோம்! சிலர் ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க வடிப்பார்கள். வேண்டாம். ஒரு 100 வாட் குண்டு பல்பின் ஹோல்டரில் இரண்டு ஒயர் எடுத்து, கண்டென்சரின் இரண்டு காலிலும் வைத்தால் கணத்தில் வடிந்துவிடும். அப்புறம் மல்டிமீட்டரில் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டியூபின் முதுகில் ரப்பர் தொப்பிக்கு அடியில் இருப்பது. 21 அங்குலக் கலரில் அங்கே ஏறக்குறைய 25,000 வோல்ட் ஓடும். டியூபின் கண்ணாடிக்கு உள்ளும் வெளியிலும் கரிப்பூச்சு இருப்பதால் டியூபே ஒரு கண்டென்சர் மாதிரி. அணைத்த பிறகும் பிடித்து வைத்துக்கொள்ளும். வடிக்கும் முறை: பிளக்கைப் பிடுங்கியாயிற்றா என்று கண்ணால் பாருங்கள். பிடி நன்றாக இருக்கும் நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, இரு முனையிலும் முதலை கிளிப் வைத்த ஒயர் ஒன்று. கிளிப்பின் ஒரு முனையை, டியூபின் பின்னால் கறுப்புப் பூச்சைத் தழுவி ஓடும் பின்னல் கம்பியில் மாட்டுங்கள். போர்டில் கண்ட இடத்தில் மாட்டினால் ஐசி போகும். மறுமுனை ஸ்க்ரூ டிரைவரின் இரும்பில். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைத் தொப்பிக்கு அடியில் மெதுவாக நுழைத்துவிடுங்கள். உலோகத்தில் தட்டும்போது 'டிக்' என்று கேட்கலாம், ஒன்றும் கேட்காமலும் இருக்கலாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள், கொஞ்சம் மின்னூட்டம் தானாகத் திரும்பிச் சேரும். இந்த அடி வாங்கியவர்களில் பலர் மின்சாரத்தால் அல்ல, கை உதறி டியூபின் கழுத்தில் இடித்துத்தான் நஷ்டப்படுகிறார்கள்.

மூன்றாவது, டிவியின் பவர் சப்ளைப் பகுதி வீட்டுக் கரண்டோடு நேரடியாகத் தொடர்பு உள்ளது. சில பழைய செட்டுகளில் முழுப் போர்டுமே அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் செட்டில் அளக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நேரடித் தொடர்பை அறுக்கும் ஒன்றுக்கு ஒன்று விகித ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். செலவில் பெரியது அதுதான். அது வரும்வரை அணைத்து, வடித்து, அப்புறம் தொடுகிற வேலைகளை மட்டும் செய்யுங்கள். பழுதில் பாதிக்கு மேல் அந்த வேலையிலேயே தீரும்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சீரியஸ் லாம்ப் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஒரு மரப்பலகையில் பல்ப் ஹோல்டரும் பிளக் பாயின்டும் வைத்து, டிவிக்குப் போகும் ஒரு ஒயரை 100 வாட் பல்ப் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு. ஊரில் எந்த எலக்ட்ரீஷியனும் செய்து தருவார். இதை மாட்டுமுன் கலர் டிவியில் டியூபைச் சுற்றி ஓடும், திரையில் ஏறும் காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலின் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். அது முதல் நொடிகளில் நிறையக் கரண்ட் இழுத்து உங்களைக் குழப்பும். பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்ல சேதி: கண்டென்சர் நிரம்பியது, ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட், அணைத்துவிட்டுத் தேடுங்கள். பல்ப் கொஞ்சமும் எரியவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கும், அல்லது எங்கோ ஒயர் அறுந்திருக்கும். ஷார்ட்டாக இருந்தாலும் வீட்டு ஃபியூஸ் போகாது, டிவியில் புதிதாக எதுவும் கருகாது. மொத்தச் செலவு ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு.

பெரும்பாலும் என்ன பழுது இருக்கும்? புத்தகத்தைத் திறந்தால் நூறு சொல்லுவார்கள். என் அனுபவத்தில் பாதி செட்டுகளின் வியாதி ஒன்றே: டிரை சால்டர். சூடாகும், கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயத்தில் முடி அளவு வட்டமாக ஒரு விரிசல் விழும். ஈஹெச்டியின் கால்கள், யோக் கனெக்டர், ஈஹெச்டியை ஓட்டும் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர், அந்த டிரான்சிஸ்டரை ஓட்டும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், வெர்டிக்கல் ஐசி, இந்த ஐந்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தலையில் தட்டினால் டிவி ஓடும் என்று நம் வீடுகளில் செய்த வைத்தியத்துக்குக் காரணம் இந்த விரிசல்தான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலேயே கொஞ்சம் பூசிவிட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வரும்.

ஒரு செட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி. திரை முழுக்க இருட்டு, நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இதைப் பார்த்ததும் பிரைட்னஸைக் குறைத்துவிடுங்கள். மொத்த வெளிச்சமும் ஒரே கோட்டில் விழுந்தால் அந்த இடத்தில் பாஸ்பர் (திரையின் உள்பக்கம் ஒளிரும் பூச்சு) கருகும், தழும்பு நிரந்தரம். இந்தக் கோட்டுக்கு அர்த்தம், கதிர் இடவலமாக ஓடுகிறது, மேலும் கீழும் ஓடவில்லை. அதைச் செய்வது வெர்டிக்கல் ஐசி. அந்தப் போர்டில் இருந்தது எல்ஏ 7840. ஐசியின் இரண்டாவது காலில் விரிசல். சால்டர் வைத்தேன், படம் விரிந்தது. ஆனால் மேல் பக்கம் ஒரு அங்குலத்துக்குப் படம் மடிந்து, வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஐசியின் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட் சிங்கை ஒட்டியே ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர். இத்தனை வருடம் அந்தச் சூட்டில் வெந்து காய்ந்துபோயிருந்தது. கதிர் கீழிருந்து மேலே துள்ளித் திரும்ப வேண்டிய அந்த ஒரு கணத்துக்கு ஐசிக்குக் கூடுதல் வோல்ட்டேஜ் தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. மாற்றினேன், 105 டிகிரி ரகமாகப் பார்த்து, ஹீட் சிங்கிலிருந்து கொஞ்சம் சாய்த்து வைத்து. அஞ்சு ரூபாய் சாமான். அந்த டிவி இன்றும் என் மேசையில் ஓடுகிறது.

கடலோரத்துக்கு என்றே ஒரு வியாதி உண்டு. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த ஒரு 21 அங்குலம் மழைக்கால ராத்திரிகளில் மட்டும் 'சர்ர்' என்று இரைந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலிருந்து பார்த்தேன்: ரப்பர் தொப்பியைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். கூடவே ஓசோன் வாடை, ஜெராக்ஸ் கடையில் வருமே, அது. உப்புக்காற்றும் தூசியும் சேர்ந்து படிந்த அழுக்கு ஈரத்தில் மின்சாரம் கடத்த ஆரம்பித்திருக்கிறது. வடித்து, தொப்பியைக் கழற்றி, கண்ணாடியையும் ரப்பரையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மாட்டினேன். எந்தப் பாகமும் மாற்றவில்லை. மெக்கானிக் அதற்கு ஈஹெச்டி போய்விட்டது என்று சொல்லியிருந்தார்.

உங்கள் 21 அங்குலத்தில் பல்ப் பளிச்சென்று நின்றால், லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படுங்கள். பியு 508 அல்லது அதன் தம்பி ஏதாவது ஒன்று இருக்கும். அது ஷார்ட் ஆகியிருந்தால் புதிதை வாங்கிப் போட்டு உடனே ஓட்டாதீர்கள், அது ஏன் செத்தது என்று தெரியாதே. டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, அதற்கு மின்சாரம் வரும் இடத்தில் ஒரு 60 வாட் பல்பைச் சுமையாகக் கொடுத்து அளந்து பாருங்கள். 21 அங்குல செட்டுகளில் 110, 115 வோல்ட்டை ஒட்டி இருக்கும், சர்வீஸ் தாளிலோ போர்டிலேயோ எண் அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் ஏறினால் பவர் சப்ளைதான் குற்றவாளி. சரியாக இருந்தால், டிரான்சிஸ்டருக்கு அருகே 1,600 வோல்ட் என்று எழுதிய கண்டென்சரைப் பாருங்கள். அதைக் கழற்றிவிட்டோ, கைக்குக் கிடைத்த வேறு மதிப்பில் போட்டோ ஓட்டிப் பார்க்கவே கூடாது. அதன் மதிப்பு குறைந்தால் 25,000 இன்னும் மேலே ஏறும். டியூபின் கழுத்தில் துளை விழும் அளவுக்கு ஏறியதைப் பார்த்திருக்கிறேன். வோல்ட்டேஜ் ஏறினால் எக்ஸ் கதிரும் கூடும். 'படம் பளிச்சென்று வரட்டும்' என்று பவர் சப்ளை வோல்ட்டேஜைக் கூட்டி வைக்கும் வழக்கம் முட்டாள்தனம்.

டியூப் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கழுத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் எரிய வேண்டும். கலர் டியூபில் மூன்று. ஊதா வெளிச்சம் பரவினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்தக் கதை முடிந்தது. ஆரோக்கியமான டியூபில் பத்துப் பதினைந்து நொடியில் படம் வரும். ஐந்து நிமிடம் கழித்து மங்கலாக வந்து, வெள்ளை இடங்கள் வெள்ளிப் பூச்சு மாதிரி வழிந்தால் டியூப் வீக். ரெஜுவனேட்டர் என்ற கருவி வைத்து, எலக்ட்ரானை வெளிவிடும் கேத்தோடைச் சுரண்டி உசுப்பலாம். ஹீட்டருக்கு ஒரு சுற்று ஒயரைக் கூட்டிப் போட்டு அதிகச் சூடு கொடுப்பது நம் ஊர் பழைய வைத்தியம். இரண்டுமே கடன் வாங்கிச் செலவழிப்பது மாதிரி. நான் இரண்டு முறை செய்து ஒன்றை இழந்தேன், இப்போது மங்கலாகவே பார்த்துக்கொள்கிறேன்.

மூலையில் பச்சையும் ரோஸும் திட்டாகத் தெரிந்தால் பதறாதீர்கள். யாரோ பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள், உள்ளிருக்கும் இரும்புத் தகடு காந்தமாகியிருக்கும். கழற்றிய டீகாஸ் காயிலைத் திரும்ப மாட்டி, அரை மணிக்கு ஒருமுறை போட்டு அணைத்தால் சரியாகும். பிடிவாதமானதற்குக் கையில் பிடிக்கும் டீகாஸ் வளையம் உண்டு: திரைக்கு முன் வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இரண்டு மீட்டர் பின்வாங்கி அங்கே போய் அணைக்க வேண்டும். பக்கத்திலேயே அணைத்தால் முன்பைவிட மோசமாகும். சோனி டிரினிட்ரான் செட்டில் குறுக்காக முடிபோல ஒன்றோ இரண்டோ நிழல் கோடு தெரிந்தால் அது பழுது இல்லை. 1968-ல் சோனி கொண்டுவந்த அந்த வகை டியூபில் துளைத் தகட்டுக்குப் பதில் நெடுக்குக் கம்பிகள். அவை அதிராமல் பிடிக்கும் மெல்லிழையின் நிழல்தான் அது. கழுத்தில் இருக்கும் காந்த வளையங்களையும், யோக்குக்குள் சொருகிய ரப்பர் ஆப்புகளையும் மட்டும் தொடாதீர்கள். பெயின்ட் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அவற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணாக்கியவன் சொல்கிறேன்.

அந்த மரப்பெட்டிக்கு வருவோம். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆசை அதன்மேல்தான் இருக்கும், தெரியும். சாலிடேர், டயனோரா என்று சென்னைக் கம்பெனிகளே செட் செய்து விற்ற காலத்துச் சாமானாக இருக்கலாம். சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் வந்தது. எங்கள் பக்கம் 1987-ல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வரும்வரை அது எட்டாது. இலங்கையின் ரூபவாகினி 1982-ல் தொடங்கியதும் கடலோர ஊர்களில் மொட்டை மாடிக்கு மேல் இன்னொரு மாடி உயரத்துக்கு இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினோம். காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, கீழே இருந்து "வந்துருச்சு... போயிருச்சு" என்று இன்னொருவர் கத்துவார். அந்த மாதிரி ஒரு பெட்டியில் முதல் பாடம் படிக்க வேண்டாம்.

முதல் பாடத்துக்குச் சரியானது அந்த 14 அங்குல இலவச டிவிதான். 2006-ல் தொடங்கிய திட்டத்தில் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. எந்தத் தெருவில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும், பழைய இரும்புக் கடையில் இருநூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைவு, தூக்க எளிது, பெரும்பாலானவற்றில் ஒரே பெரிய ஐசிதான் பாதி வேலையைச் செய்யும், முன்னாலோ பக்கத்திலோ ஏவி சாக்கெட்டும் உண்டு. இதில் இரண்டு மூன்று பார்த்துவிட்டு 21 அங்குலத்துக்குப் போங்கள். மரப்பெட்டி கடைசி.

அதைத் திறக்கும் நாளில் பெட்டியைப் பெயின்ட் அடித்துக் கெடுக்காதீர்கள். மேல் வெனீர் காகிதம் போல மெல்லிசு, உப்புத்தாள் இரண்டு இழுப்புக்கு மேல் தாங்காது. ஈரத்துணியில் துடைத்து, தேக்கு மேசைக்குப் போடுகிற பாலிஷ் போதும். சேனல் திருகு குமிழ் கடகடவென்று சுற்றும் ரகமாக இருந்தால் உள்ளே வெள்ளித் தொடுமுனைகள் கறுத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது சுற்று சுற்றினாலே படம் பிழைக்கும். உள்ளே வால்வு தெரிந்தால் என்னிடம் கேட்காதீர்கள், அதற்குத் தனி ஆட்கள் உண்டு.

ஓடினால் எதைப் பார்ப்பது? ஆன்டெனாவில் அனலாக்காக இனி ஒன்றும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏவி உள்ள செட்டுக்கு செட்டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் போதும். டிவிடி பிளேயர், விசிஆர், ராஸ்பெரி பை எல்லாம் நேராகக் கொடுக்கலாம். எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் மலிவு டப்பாக்களில் பால் (PAL, நம் நாட்டு டிவி முறை) என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் சில செட்டில் படம் கறுப்பு வெள்ளையாக வரும் அல்லது உருளும். ஆன்டெனா முனை மட்டும் உள்ள கறுப்பு வெள்ளைக்கு, ஏவியை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். பழைய டியூனர் விஎச்எஃப் என்ற கீழ் அலைவரிசையை மட்டும் பிடிக்கும். மாடுலேட்டர் அதற்கு மேலுள்ள யுஎச்எஃப்பில் அனுப்பினால் திரையில் புள்ளிகள்தான் வரும். கேட்டு வாங்குங்கள்.

விளையாட்டுக்கென்றால் இதற்கு ஈடே இல்லை. கேசட் சொருகி ஆடும் டிவி கேமில் துப்பாக்கியால் வாத்து சுட்ட நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது, உங்கள் மாமாவிடம் கேளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையின் ஒளிக்கண் அதைப் பார்த்தால் வாத்து விழும். இன்றைய எல்இடி திரை படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் அந்தத் துப்பாக்கி அதில் ஒன்றையும் சுடாது.

இந்த ஆசை முற்றினால் ஸ்டூடியோ மானிட்டரில் போய் நிற்பீர்கள். டியூனர் இல்லாத, கனத்த இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் சோனி பிவிஎம் ரகம். வெளிநாட்டில் விளையாட்டுப் பிரியர்கள் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள். இங்கே கல்யாண வீடியோ மிக்ஸிங் அறைகளிலும், லோக்கல் கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம்களிலும், எண்டோஸ்கோப்பி செய்யும் இடங்களிலும் இருந்தன; மாடல் எண்ணின் கடைசியில் எம்டி என்று இருந்தால் மருத்துவமனைச் சாமான். 20 அங்குலத்தில் எம்2 என்றால் 600 கோடு, எம்4 என்றால் 800 கோடு துல்லியம். வெள்ளை, கறுப்பு எழுத்துகள் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். வாங்குமுன் திரையை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள், வருடக்கணக்கில் ஒரே எழுத்து நின்ற இடம் பழுப்பாகக் கருகியிருக்கும். 1990-களின் சிறிய ஒட்டுக் கண்டென்சர்கள் கசிந்து போர்டை அரிப்பதும் இவற்றில் சகஜம், மீன் வாடை வந்தால் அதுதான்.

செலவு: மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப், சீரியஸ் லாம்ப், கிளிப் ஒயர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆரம்பத்தில் 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. பின்னால் ஈஎஸ்ஆர் மீட்டர் ஒன்று வாங்கினேன், கண்டென்சரைக் கழற்றாமலே பார்க்கலாம். எல்லாக் கண்டென்சரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. நல்லது நாற்பதைக் கழற்றிப் புதுப் பழுது இரண்டைப் போடுவதுதான் நடக்கும்.

மெக்கானிக் ஒருவேளை "உள்ளே இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு சைனா போர்டு போட்டுத் தர்றேன்" என்பார். ஈஹெச்டியோடு சேர்ந்தே வரும் ரெடிமேட் போர்டு அது, எந்த டியூபையும் ஓட்டும் என்பார்கள். யோக்கின் சுருள் அளவு ஒத்துவராவிட்டால் படம் சுருங்கும், டிரான்சிஸ்டர் கொதிக்கும். ஒத்துவந்தால் ஓடும்தான். இலவச டிவியில் நானும் போட்டிருக்கிறேன். ஆச்சியின் செட்டில் போடாதீர்கள். பழைய போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து அதைச் சரிசெய்யத் தெரிந்தவராக நீங்களே இருப்பீர்கள். எதுவுமே முடியாமல் ஒரு டியூப் செத்தால் அதை உடைக்காதீர்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உரிமம் பெற்ற மின்கழிவு மையத்துக்குக் கொடுங்கள்.

ஓடும் டிவியிலிருந்து கொசு ரீங்காரத்தைவிட மெல்லிசாக 'கீ' என்று ஒரு சத்தம் வரும். லைன் சர்க்யூட் நொடிக்கு 15,625 முறை துடிப்பதன் சத்தம். எனக்கு அது இப்போது கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டதும் என் மகள் அடுத்த அறையிலிருந்து "அப்பா, வந்துருச்சு" என்பாள், அப்புறம்தான் நான் திரையைப் பார்ப்பேன். உங்கள் வயதுக்கு நன்றாகவே கேட்கும்.

இந்த ஞாயிறு செய்ய வேண்டியது இவ்வளவுதான் தம்பி: இரண்டையும் பரணிலிருந்து இறக்குங்கள், டியூபின் முகம் மார்புப் பக்கம் இருக்கும்படி தூக்கி, கூட ஒரு ஆளோடு. கலர் செட்டின் பின்மூடியைக் கழற்றி, போர்டை எல்லாப் பக்கமும் ஃபோனில் படம் எடுத்துவிட்டு மூடிவிடுங்கள். மரப்பெட்டியின் ஷட்டர் பூட்டியிருந்தால் நெம்பாதீர்கள். ஆச்சியிடம் கேளுங்கள், சாவி பெரும்பாலும் பீரோவில் இருக்கும்.